இளைப்பாறல் என்று குறித்த இடம்

போன சனிக்கிழமை பட்டப்பகலில் என்னை யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள்.

சிரிக்காதீர்கள். நடந்தது புங்குடுதீவுப் பாலத்தில். இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேலே வெயில், கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஈ காக்கை இல்லை. நான் சைக்கிளில் இருக்கிறேன். பெடலை மிதிக்கவில்லை. ஆனால் சைக்கிள் போகிறது… போகப் போக வேகம் கூடுகிறது.

பேய், முனி, கழிப்பு, நூல் கட்டு என்று இந்தப் பத்தியில் எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருப்பேன்? அப்போதெல்லாம் எனக்குக் கோபமாகக் கடிதம் எழுதிய வாசகர்களை இந்தக் கிழமை முழுவதும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கொஞ்சம் மரியாதையாகவே நினைக்கிறேன்.

சரி, கந்தோர்க் கதிரையில் பேனாவோடு இருந்து தேய வேண்டிய ஓர் ஆள் அந்த வெயிலில் பாலத்துக்கு ஏன் போனார்? அதைச் சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

குணரத்தினம் மாஸ்ரரால்தான் போனேன். இவர் புங்குடுதீவு இறுப்பிட்டிக்காரர். பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பிக்கிறார். பங்குனி மாதத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, ஆவணி விடுமுறைக்கு மலைநாட்டில் சைக்கிளில் ஒரு பெரிய சுற்றுச் சுற்றுவோமா என்று கேட்டார். பகிடி என்று நினைத்து நானும் ஓம் என்றேன். அடுத்த நாளே கையில் ஒரு பெரிய சேர்வே தேசப்படத்தோடு வந்து நிற்கிறார் மனுசன்!

படத்தை எங்கள் விறாந்தையில் விரித்தோம். காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு தேங்காய். பண்டாரவளையில் தொடங்கி எல்லவுக்குப் போவது. அங்கிருந்து வெல்லவாயாவுக்கு இறங்குவது. பிறகு கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறுவது. அப்புத்தளை தாண்டி மறுபடி பண்டாரவளை. அறுபது மைலுக்கு மேல் வரும் என்றார். படத்தில் வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய கோடுகளைக் காட்டி, இவை நெருங்கிக் கிடந்தால் அந்த இடம் செங்குத்து என்று பாடமும் நடத்தினார். கொஸ்லந்தைக்கும் பெரகலைக்கும் நடுவே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகவே கிடந்தன. நான் வாழ்க்கையில் ஏறிய ஆகப் பெரிய உயரம் எங்கள் தீவின் மண்கும்பான் மணல் மேடுதான்!

மாஸ்ரர் ஏற்றங்களை எல்லாம் சிவப்புப் பென்சிலால் கீறினார். இறக்கங்களுக்கு நீலம். நீலக் கோட்டின் பக்கத்தில் தன் முத்து முத்தான எழுத்தில் 'இளைப்பாறல்' என்று குறித்தார். எல்லவிலிருந்து வெல்லவாயா வரைக்கும் ஒரே இளைப்பாறல். அதைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாதி வழி சும்மா இருந்து போகலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

மிச்சப் பாதிக்குப் பயிற்சி வேண்டுமே. தீவில் மலைக்கு எங்கே போவது?

இங்கேதான் எங்கள் மூளை வேலை செய்தது. மலை இல்லாவிட்டால் என்ன, சோழகம் இருக்கிறதே! வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும் அந்தக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பாலத்தில் ஏறினால் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். நெஞ்சிலே ஒருவர் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பது போல இருக்கும். இதைவிட என்ன மலை வேண்டும்?

அதனால் இப்படி ஏற்பாடு. சனிக்கிழமை காலையில் மாஸ்ரர் சைக்கிளை பஸ் கூரையில் போட்டுக்கொண்டு வேலணைக்கு வருவார். அங்கிருந்து இருவரும் காற்றுக்கு எதிரே இறுப்பிட்டி வரை மிதிப்போம். மாஸ்ரரின் கரியரில் அரைச் சாக்கு மண்கும்பான் மணல், மலையின் பாரம் தெரிய வேண்டுமாம். அவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்டதும் நான் என் சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவேன். காற்று முதுகில் அடிக்கும்போது மிதித்து வந்தால் என்ன என்று ஒருதடவை கேட்டேன்.

"அது இறக்கம் மாதிரியெல்லே. அதிலை பழக என்ன கிடக்கு?" என்றார் மாஸ்ரர்.

இந்த வார்த்தையை மட்டும் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இந்தச் சுற்று வெறும் விளையாட்டு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாஸ்ரருக்கு ஓர் அண்ணை இருந்தார். பெயர் சிவராசா. அப்புத்தளையில் சுருட்டுக் கடை. தம்பியைப் படிப்பித்து ஆளாக்கியவர் அவர்தான். ஒருமுறை ஊருக்கு வந்து திரும்பும்போது, தோட்டங்களுக்குச் சுருட்டுக் கட்டுகள் கொண்டுபோகச் சுகமாக இருக்கும் என்று தன் சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார். போய் ஒரு கிழமைக்குள் தந்தி வந்தது. மலை ரோட்டில் காலமாகிவிட்டார்.

பெரகலைக்குக் கீழே ஒரு வளைவில், ரோட்டுக் கரையிலிருந்து பள்ளத்தில் கிடந்தாராம். மழையும் பனிப்புகாருமாக இருந்த நாள். கண்டவர் யாருமில்லை. அங்கேயே கிரியை எல்லாம் முடித்துவிட்டார்கள். ஊருக்கு ரயிலில் வந்தவை மூன்று பொருட்கள்: சைக்கிள், ஒரு குடை, ஒரு சோடி தோல் செருப்பு.

மிச்சக் கதையை ஊர் எழுதியது. மலை ஏறிப் பழக்கமில்லாத மனுசன், பாரத்தோடு ஏறியிருக்கிறார், நெஞ்சை அடைத்துவிட்டது. வேறென்ன? எல்லோரும் அதையே சொன்னார்கள். அவர் அப்போது ஏறிக்கொண்டிருந்தாரா, இறங்கிக்கொண்டிருந்தாரா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"அண்ணையைக் கொண்ட ஏத்தம் அது. அண்ணையின்ரை சைக்கிளாலையே அதை ஏறி முடிக்கோணும். அதுக்குப் பிறகுதான் எனக்கு நித்திரை" என்றார் மாஸ்ரர். அவர் சனிக்கிழமை சனிக்கிழமை ஓடுவது அந்தச் சைக்கிளைத்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அது எத்தனையோ வருடமாக அவர் வீட்டுக் கொட்டிலில், முகட்டு வளையில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்ததாம். அண்ணையின் மனைவி பரமேஸ் அக்கா வெள்ளிக்கு வெள்ளி ஏணி வைத்து ஏறி எண்ணெய் பூசித் துடைப்பாராம். சோழகம் தொடங்கினால் பின்சில்லு தானாகச் சுற்றும். டிக்… டிக்… டிக்… என்று வீட்டுக்குள் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் தனக்குக் கண் அயரும் என்று அக்கா ஒருமுறை சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

இனிப் போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

இறுப்பிட்டி போய்ச் சேரும்போதே என் சைக்கிளின் ரயரில் சிப்பி ஓடு குத்திக் காற்றுப் போய்விட்டது. சாப்பாடு முடிந்தது. வெயில் கடுமையாக இருந்ததால் எனக்குக் குடை எடுத்துத் தர அக்கா அலுமாரியைத் திறந்தார். கீழ்த் தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் ஒரு சோடி செருப்பு. இடது செருப்பின் அடித்தோலில், முன்பாதத்துக்கு நேரே, நீளமாக ஓர் ஓட்டை.

நான் பார்ப்பதை அக்கா கண்டுவிட்டார். மலையிலே நடந்து நடந்து தேய்ந்தது என்றார். நான் தலையாட்டினேன். நடந்து தேய்ந்தால் இரண்டும் அல்லவா தேய வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு அப்போது வரவில்லை. வயிறு நிறைந்திருந்தால் எனக்கு எந்தக் கேள்வியும் வருவதில்லை.

பஸ்ஸைக் காத்து நின்றோம். அது குறிகட்டுவானில் பழுதாகிக் கிடக்கிறதாம். மாஸ்ரர் யோசித்துவிட்டு, அண்ணையின் சைக்கிளைக் கொண்டு போகச் சொன்னார். என்னுடையதை ஒட்டிவைக்கிறாராம், திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாமாம். கரியரில் கட்டிய மணல் சாக்கை அவிழ்க்க, சாப்பிட்ட களையில் இருவருக்கும் பஞ்சி. மணலும் உங்கள் பக்கத்து மணல்தானே என்று அதையும் என்னோடு அனுப்பிவிட்டார். அக்கா வாசற் படலை வரைக்கும் வந்தார். ஹாண்டிலைக் கொஞ்ச நேரம் பிடித்தபடி நின்றார். பிறகு கையை எடுத்தார்.

"பாத்துப் போம் தம்பி."

பாலத்தில் ஏறினேன். காற்று முதுகில் அடித்தது. முதலில் நல்ல சுகம். மிதிப்பதை நிறுத்தினேன். குடையை விரித்தால் பறந்துவிடும் என்று ஹாண்டிலில் கொழுவினேன். என் சேட்டு முன்பக்கமாக ஊதிக்கொண்டு நின்றது. ஆகா, இதல்லவோ இளைப்பாறல்!

பிறகு… சத்தம் நின்றது.

எப்படிச் சொல்வேன்? சோழகத்தின் இரைச்சல் எங்கள் காதுக்குப் பழகிய ஒன்று. ஆடி மாதம் முழுவதும் அது ஓயாது. அது திடீரென்று நின்றுவிட்டது. ஒரு பொட்டுக் காற்று முகத்தில் படவில்லை. ஊதியிருந்த சேட்டு அடங்கி உடம்போடு ஒட்டியது. பக்கத்தில் ஒரு காய்ந்த பனை ஓலைத் துண்டு ரோட்டில் என்னோடு கூடவே வந்தது. என்னை முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. அதைப் பார்த்தால் நானும் அதுவும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது போலிருந்தது. கடலைப் பார்த்தால்தான் நாங்கள் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று தெரிந்தது.

அந்த அமைதிக்குள் ஒரே ஒரு சத்தம். டிக்… டிக்… டிக்…

காற்றும் நானும் ஒரே வேகத்தில் போனதால் வந்த அமைதி அது என்று வீட்டுக்கு வந்து ஆறுதலாக யோசித்துக் கண்டுபிடித்தேன். விஞ்ஞானம் நல்ல விசயம்தான். ஆனால் அந்த நேரத்தில் அது பாலத்துக்கு வரவில்லை. எனக்கு மயிர் குத்திட்டு நின்றது.

பாலம் முடிந்து வேலணைப் பக்கம் ஏறும் இடத்தில் ஒரு வளைவு. வளைவில் நடு ரோட்டில் இரண்டு மாடுகள் படுத்திருந்தன. கரையில் கூரான கல்லு, அதற்கப்பால் தண்ணீர். கை பிறேக்கைத் தேடியது.

பிறேக் இல்லை.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் தீவுச் சைக்கிள்களில் எதில் பிறேக் இருக்கிறது? உப்புக் காற்று பிறேக் கம்பியைத் தின்றுவிடும். மட்காட்டையும் தின்றுவிடும். தின்றதைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே ஓடுவோம். புதிதாகப் பூட்ட வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. எதற்கு? நிலம் எல்லாம் தட்டை. மிதிப்பதை விட்டால் சைக்கிள் தானாக நின்றுவிடும்.

இது நிற்கவில்லை. பின்னால் அரைச் சாக்கு மணல் வேறு என்னைத் தள்ளிக்கொண்டிருந்தது. மாடுகளின் முகம் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டேன். என் பிள்ளைகளின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

அப்போதுதான் கேட்டது. இடது காதுக்குப் பக்கத்தில், அவசரமே இல்லாத ஓர் ஆண் குரல்.

"பயப்பிடாதையும். காலை வையும்."

வைத்தேன். இடது காலைச் செருப்போடு தூக்கி முன்சில்லின் மேல் வைத்து, உள்ள பலத்தை எல்லாம் போட்டு அமத்தினேன். றப்பர் எரிகிற மணம் வந்தது. உள்ளங்கால் சுட்டது. சைக்கிள் இரண்டு பக்கமும் உலைந்து உலைந்து, முதல் மாட்டின் கொம்புக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. மாடு அசை போடுவதை நிறுத்தவேயில்லை.

நின்றதும் காற்றின் இரைச்சல் முழுவதும் என் மேல் வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். பாலம் நீளத்துக்கும் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஓலைத் துண்டு மட்டும் என்னைத் தாண்டி உருண்டு போனது.

சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு, ஒரு கல்லில் இருந்து என் பழைய றப்பர் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், முன்பாதத்துக்கு நேரே, நீளமாக ஓர் ஓட்டை. இடது காலில் மட்டும்.

அன்றைக்கு மத்தியானம் அலுமாரியில் பார்த்த அதே ஓட்டை.

வாசகர்களே, வெயிலில் குளிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் அந்தக் கல்லில் இருந்து குளிர்ந்தேன். சிவராசா அண்ணை ஏறிக் களைத்துச் சாகவில்லை. பெரகலையிலிருந்து அவர் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பிறேக் இல்லாத எங்கள் ஊர்ச் சைக்கிளில், பின்னால் சுருட்டுக் கட்டோடு, இதேபோல் காலை வைத்து அமத்தி அமத்தி… தோல் தேய்ந்து போகும் வரைக்கும் அமத்தி.

ஒரே ரோட்டுத்தான். மேலே நின்று பார்ப்பவனுக்கு இறக்கம், கீழே நின்று பார்ப்பவனுக்கு ஏற்றம். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஏற்றத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. பயப்பட வேண்டிய இடம் எதுவோ அதன் பக்கத்தில் 'இளைப்பாறல்' என்று முத்து முத்தாக எழுதி, நாலு மாதமாக அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டிருக்கிறோம். வருகிற ஆவணியில் குணரத்தினம் மாஸ்ரர் எல்லவிலிருந்து வெல்லவாயாவுக்கு, இதே சைக்கிளில், இளைப்பாறி இளைப்பாறிப் போயிருப்பார். பின்னாலே நானும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணையின் சைக்கிளைக் கூரையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் இறுப்பிட்டிக்குப் போனேன். என் செருப்பைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோனேன். என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்ததுதான் மிச்சம். அக்காவிடம் அந்தச் செருப்பை எடுத்துத் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். இரண்டையும் விறாந்தையில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். பிறகு பாலத்தில் நடந்ததைச் சொன்னேன்.

மாஸ்ரர் இரண்டு செருப்பையும் பார்த்தார். எழும்பி உள்ளே போய்ப் படத்தைக் கொண்டுவந்தார். விரித்து வைத்து, தன் கையால் எழுதிய அந்தச் சொல்லைப் பார்த்தபடியே இருந்தார். பூமிசாஸ்திரம் படிப்பிக்கிற மனுசன் அப்படி இருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா அழவில்லை. இடது செருப்பை எடுத்து அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஏறிக் களைச்சு, மூச்சில்லாமல், தனிய விழுந்து கிடந்தார் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான்" என்றார். "கடைசி மட்டும் விடேல்லை அவர். பிடிச்சுப் பாத்திருக்கிறார்."

அந்தக் குரலைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று நான் தயங்கினேன். சொன்னால் பைத்தியம் என்பார்கள். சொல்லாமல் விடவும் மனம் கேட்கவில்லை. சொன்னேன். மாஸ்ரர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வெயிலும் பயமும் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் குரல் கத்தினதா?

இல்லை, மெதுவாக, ஆறுதலாகத்தான் சொன்னது என்றேன்.

அக்கா தலையைக் குனிந்து செருப்பைத் துணியில் சுற்றினார். "அவர் ஒருநாளும் சத்தம் போட்டுக் கதைச்சதில்லை" என்றார். எழும்பி அலுமாரிக்குப் போனவர் பாதி வழியில் நின்று மாஸ்ரரைப் பார்த்தார்.

"தம்பி, பயணத்தை நான் மறிக்கேல்லை. ஆனால் பிறேக் பூட்டாமல் அந்தச் சைக்கிள் இனிப் படலை தாண்டாது. இறக்கம் முழுக்க உருட்டிக்கொண்டு நடவுங்கோ. ஏத்தத்தை மட்டும் ஓடுங்கோ."

மாஸ்ரர் ஓம் மச்சாள் என்றார். பென்சிலை எடுத்து 'இளைப்பாறல்' என்ற சொல்லை வெட்டினார். வெட்டிவிட்டு, பெரகலைக்குக் கீழே கோடுகள் கறுப்பாகக் கிடந்த இடத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, ஆவணியில் போகிறோம். இறங்குவது நடை, ஏறுவது சைக்கிள். உலகத்தில் வேறு யாரும் இப்படித் தலைகீழாகப் போயிருப்பார்களோ தெரியாது. யாழ்ப்பாணத்துச் சைக்கிள் கடையில் பிறேக் கேட்டபோது, தீவாருக்கு இதெல்லாம் எதற்கு என்று முதலாளி சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. இரண்டு சைக்கிளுக்கும் பூட்டியாயிற்று. பாலத்தில் கொண்டுபோய்ப் பிடித்தும் பார்த்தேன். நல்ல பிடி. ஆனாலும் அந்த வளைவு வந்ததும் என் இடது கால் தானாக முன்சில்லுப் பக்கம் போகிறது. நான் அதைத் தடுப்பதில்லை.

என்னைத் தள்ளியது யார் என்று கேட்டால் காற்று என்று கூசாமல் சொல்லிவிடுவேன். நிறுத்தியது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.